கெட்ட கனவு நின்றுவிட்டால் கதையும் நின்றுவிடுமா?

வாசகரின் கடிதம்

தென் மாவட்டத்துச் சிறுநகர் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கராக வேலை பார்க்கும் அவர், கணவர், ஆறு வயது மகள், மாமியார் ஆகியோருடன் வசிக்கிறார். அவருக்குப் பதினொரு வயதானபோது, தங்கள் வீட்டுக் கிணற்றில் தங்கை தவறி விழுந்து இறந்துபோனாள். அப்போது அவர் அருகில்தான் இருந்தார். அதன்பின் எப்போதாவது தலைகாட்டிக்கொண்டிருந்த கெட்ட கனவு, கடந்த ஒன்றேகால் ஆண்டாக வாரத்துக்கு மூன்று, நான்கு முறை வருகிறது. அலறிக்கொண்டு எழுகிறார். சில நாள்களில் விழிப்பு வந்த பிறகும் கைகால் அசையாமல், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல மூச்சுமுட்டுகிறது. மாமியார் அதை அமுக்குவான் பேய் என்று சொல்லி, குலதெய்வக் கோயிலில் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டியிருக்கிறார்.

இந்தக் கனவுகளை அவர் திகில் கதைகளாக எழுதத் தொடங்கினார். இரண்டு கதைகள் சிற்றிதழில் வந்து பாராட்டுப் பெற்றன. இப்போது சிறிய பதிப்பகம் ஒன்று பன்னிரண்டு கதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவர முன்வந்திருக்கிறது. கனவு தப்பிப்போய்விடக் கூடாது என்று தினமும் அதிகாலை மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கைப்பேசியில் குறித்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் அமர்ந்து அதையே கதையாக வளர்க்கிறார். ‘எழுதி வெளியிட்டுவிட்டால் எல்லாம் வடிந்துவிடும்’ என்கிறார் தோழி. ‘எழுத எழுதத்தான் அதிகமாகிறது’ என்கிறார் கணவர். மருத்துவரிடம் போனால் கனவு நின்று கதையும் வற்றிவிடுமோ என்பது இவருடைய பயம். தொகுப்பின் அட்டையில் ‘தங்கையைப் பறிகொடுத்த அக்காவின் உண்மைக் கனவுகள்’ என்று போட வேண்டும், எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்று பதிப்பகம் கேட்கிறது. அம்மாவுக்கு இவர் கதை எழுதுவதே தெரியாது. என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்.

ஆலோசனை

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த கிணற்றுக் கதையை இரண்டு முறை படித்தேன். மனநல மருத்துவர் என்ற முறையில் இலக்கியத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் உங்கள் முதல் கேள்விக்கான பதில் அந்தக் கதைக்குள்ளேயே இருப்பதாக நினைக்கிறேன். ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கனவு தந்தது எவ்வளவு?

உங்கள் கனவு எப்படிப்பட்டது என்பதைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கிணற்றில் தண்ணீர் இறைக்கிறீர்கள்; கப்பி கிறீச்சிடுகிறது; தாம்புக்கயிறு ஈரமாகவும் உடம்புச் சூட்டோடும் இருக்கிறது; வாளிக்குப் பதிலாகத் தங்கையின் பள்ளிக்கூடப் பை தண்ணீர் சொட்டச்சொட்ட மேலே வருகிறது; அலறி விழிக்கிறீர்கள். கனவு அவ்வளவுதான். கதையிலோ ஒரு தாய் இருக்கிறாள். கிணற்றின் மேல் கம்பிவலை போட்டுப் பூட்டி இருபத்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கிணற்றடியைத் தினமும் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடும் அவள், யாரும் திறக்கப்போகாத அந்தப் பூட்டுக்கு மாதம் ஒருமுறை கோழி இறகால் எண்ணெய் தொட்டு விடுகிறாள். பை மேலே வரும் இடத்தைவிட, அந்த எண்ணெய்க் கிண்ணத்தை அவள் தூணோரம் வைத்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகும் இடம்தான் என்னை நடுங்க வைத்தது. ஏன் எண்ணெய் விடுகிறாள், என்றைக்குத் திறக்கப்போகிறாள் என்ற கேள்வி கதையை மூடிய பிறகும் என்னை விடவில்லை.

அந்த எண்ணெய்க் கிண்ணம் உங்கள் கனவில் எங்கும் இல்லை. அதைப் பல ஆண்டுகளாக விழித்த கண்ணோடு பார்த்து மனத்தில் வைத்திருந்து, சரியான இடத்தில் எடுத்து வைத்தது நீங்கள். கனவில் அச்சம் காரணமில்லாமலே வந்துவிடும், ஏனென்றால் அதை அனுபவிப்பது உங்கள் உடம்பு. நாடித்துடிப்பு ஏறுகிறது, வியர்க்கிறது, நீங்கள் நம்பிவிடுகிறீர்கள். படிப்பவருக்கோ அந்த உடம்பு இல்லை. அவருக்கு அச்சத்தைப் படிப்படியாகக் கட்டித்தர வேண்டியிருக்கிறது, அந்த வேலை முழுவதும் பகல் நேரத்து வேலை.

இதற்குச் சான்றாக, உங்களைப் போலவே கெட்ட கனவிலிருந்து கதை எடுத்த ஒருவரைச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில் நோயாளியாக வாழ்ந்துகொண்டிருந்தபோது, ஓர் இரவு உறக்கத்தில் அலற, மனைவி அவரைத் தட்டி எழுப்பினார். அந்தக் கனவிலிருந்து பிறந்து 1886 ஜனவரியில் வெளியானதுதான் டாக்டர் ஜெக்கிலும் மிஸ்டர் ஹைடும் வரும் புகழ்பெற்ற கதை. கனவே முழுக் கதையையும் தந்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். 1888இல் கனவுகளைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: சன்னலருகே நடக்கும் காட்சி ஒன்று, துரத்தப்படும் மனிதன் துரத்துபவர்களின் கண்ணெதிரே பொடியை விழுங்கி உருமாறும் காட்சி ஒன்று. இவற்றைத் தவிர மற்றதெல்லாம் விழித்திருக்கையில் செய்தவை.

அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத இன்னொரு செய்தி உண்டு, உங்களுக்கு அதுதான் முக்கியம். எடின்பரோவில் மாணவராக இருந்தபோது, இரவுதோறும் தொடர்கதைபோல நீண்ட கொடுங்கனவு அவரை வாட்டியிருக்கிறது. பகலில் ஒரு வாழ்க்கை, இரவில் ஒரு வாழ்க்கை என்றாகி, புத்தி பேதலித்துவிடுமோ என்று அஞ்சி ஒரு மருத்துவரிடம் போயிருக்கிறார். எளிய மருந்தொன்றைக் குடித்ததில் அந்தத் தொல்லை நீங்கியது என்றும், அதன்பின் சில காலம் தம் இரவுகள் எல்லோருடைய இரவுகளையும்போல இருந்தன என்றும் எழுதுகிறார். அவர் கதைகள் எழுதிப் பேர் வாங்கியதெல்லாம் அந்தச் சிகிச்சைக்குப் பிறகுதான். பிற்காலத்தில் கனவு அவருக்குக் கதை தரும் துணையாகத் திரும்பி வந்தது. ஒருவருடைய கதை எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிகிச்சை எடுத்தால் எழுத்து வற்றும் என்பது விதியாக இருந்தால், அவர் விஷயத்தில் அது பொய்த்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இந்தப் பயத்துக்கு அடியில் வேறொரு பயம் இருப்பதாக எனக்குப் படுகிறது. ‘கனவில் மட்டும்தான் அவள் முகம் எனக்கு முழுதாகத் தெரிகிறது’ என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு, வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டீர்கள். கனவு நின்றால் தங்கையும் போய்விடுவாள் என்று நினைக்கிறீர்களோ? இந்தப் பயத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அச்சம் தணிந்த பிறகு அவர்களில் பலருக்கு, இறந்தவரின் கடைசி நிமிடம் பின்னால் போய், அதற்கு முந்தைய ஆண்டுகளின் நினைவுகள் முன்னால் வந்தன. சிரித்த முகம், பிடிவாதம், பங்குபோட்ட தின்பண்டம் என்று கொஞ்சம் கொஞ்சமாக. இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: ‘அன்று தண்ணீர் இறைக்க அவளைக் கூப்பிட்டது நான்தான்.’ இதைக் கடிதத்தில் பேசித் தீர்க்க முடியாது, நேரில் ஒருவரிடம் பேச வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றடியில் ஒரு சிறுமியைப் பாதுகாக்கும் பொறுப்பு, பதினொரு வயதுக் குழந்தையின் தலையில் விழக் கூடியதே இல்லை.

மாத்திரையும் மூன்று மணி அலாரமும்

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு விவரம் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒற்றைத் தலைவலிக்காக ஒன்றேகால் ஆண்டாக இரவில் புரோப்ரனலால் மாத்திரை சாப்பிட்டு வருகிறீர்கள். கனவு அடிக்கடி வரத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே காலம்தான். பீட்டா பிளாக்கர் என்ற வகையைச் சேர்ந்த இந்த மாத்திரை நல்ல மருந்து, தலைவலியைத் தடுக்கப் பல ஆண்டுகளாகக் கொடுக்கப்படுகிறது. ஆனால் கொழுப்பில் கரையும் தன்மையால் மூளைக்குள் எளிதில் போகும். சிலருக்குத் தெளிவான, அச்சமூட்டும் கனவுகளைத் தருவது அதன் அறியப்பட்ட பக்கவிளைவு. உங்கள் விஷயத்திலும் இதுதான் காரணம் என்று கடிதத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. கனவின் உள்ளடக்கம் உங்கள் வாழ்க்கையிலிருந்து வந்தது. அது வாரத்துக்கு நான்கு முறை வருவதற்கு மாத்திரை உதவியிருக்கலாம். நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்; திடீரென்று நிறுத்தினால் படபடப்பும் இரத்த அழுத்த உயர்வும் வரக்கூடும். எழுதித் தந்த மருத்துவரிடம் கனவைப் பற்றிச் சொல்லுங்கள். வேளையை மாற்றலாமா, வேறு மருந்து தரலாமா என்று அவர் முடிவு செய்வார்.

அடுத்து அலாரம். கனவுகள் பெரும்பாலும் வருவது, மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் ‘ரெம்’ உறக்கத்தில். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத்திரும்ப வரும் இந்தக் கட்டம், இரவின் பிற்பாதியில் நீண்டுகொண்டே போகும். மூன்று மணிக்கு அலாரம் வைத்தால் கனவின் நடுவே விழிக்கும் வாய்ப்பு அதிகம் என்று நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். ஆனால் நள்ளிரவுக்குப் படுத்து மூன்றுக்கு எழுந்து, நாலரைக்கு மறுபடி கண்ணயர்ந்து ஆறுக்கு எழுகிறீர்கள். தொடர்ந்து பறிபோகும் உறக்கத்தை மூளை கடனாக எழுதி வைத்துக்கொண்டு, கிடைத்த நேரத்தில் ரெம் உறக்கத்தை நெருக்கி வசூலிக்கப் பார்க்கும். அப்போது கனவு இன்னும் அழுத்தமாக வரும். கதைக்கு விதை கிடைக்கிறது என்று நீங்கள் நினைக்கும் இந்தப் பழக்கம், கனவைப் பெருக்கிக்கொண்டும் பகலில் எழுதத் தேவையான கவனத்தைத் தின்றுகொண்டும் இருக்கிறது. கணக்கில் தப்பு வருகிறது என்று அலுவலகத்தில் இரண்டு முறை பேச்சு வாங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

அமுக்குவான் பேய்க்கும் இதுவே வழி திறக்கிறது. ரெம் உறக்கத்தில், கனவில் ஓடுவதை நாம் கட்டிலில் நிஜமாக ஓடிவிடாதபடி, மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்திப் பூட்டி வைக்கிறது. சில நேரம் விழிப்பு முதலில் வந்துவிடும், அந்தப் பூட்டு திறக்கச் சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ தாமதமாகும். அந்த இடைவெளியில் கனவின் மிச்சமும் கண்ணெதிரே கலந்துவிடுவதால், மார்பின்மேல் யாரோ இருப்பதுபோலத் தோன்றுகிறது. உறக்க முடக்கம் என்று மருத்துவத்தில் இதைச் சொல்கிறோம். மல்லாந்து படுப்பவர்களுக்கும் உறக்கம் குறைந்தவர்களுக்கும் இது அதிகம் வரும். உயிருக்கு ஆபத்தில்லை. வரும்போது பதறி எழ முயலாமல், ஒரு விரல்நுனியை மட்டும் அசைக்கப் பாருங்கள், மூச்சை எண்ணுங்கள், தானாக விட்டுவிடும். உங்கள் மாமியார் கயிறு கட்டியது உங்கள்மேல் உள்ள அக்கறையால்தான், அது கையில் இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அடிப்பது, பட்டினி போடுவது, இரவெல்லாம் விழித்திருக்கச் செய்வது போன்ற பரிகாரங்களுக்கு மட்டும் யார் சொன்னாலும் உடன்படாதீர்கள்.

எழுதினால் வடியுமா, பெருகுமா?

தோழி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, கணவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எப்படி எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து இரண்டுமே நடக்கும்.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடங்கள், தங்கள் வாழ்வின் வேதனையான நிகழ்ச்சியை எழுதச் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதி முடித்தவுடன் மற்றவர்களைவிட அதிகம் கலங்கிப்போயிருந்தார்கள். ஆனால் அடுத்த சில மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குப் போனது குறைந்திருந்தது. எழுத்துக்குப் பலன் உண்டு என்று உங்கள் தோழி சொல்வதற்கு இப்படி ஆதாரம் இருக்கிறது. ஆனால் அது வாசகருக்காகவோ அச்சுக்காகவோ எழுதியது இல்லை. எழுதியவருக்கு மட்டுமான எழுத்து.

கெட்ட கனவுக்கென்றே உள்ள சிகிச்சை முறையைப் பாருங்கள். கனவை எழுதி, அதில் நமக்கு விருப்பமான ஒரு மாற்றத்தைச் செய்து, மாற்றிய வடிவத்தைப் பகலில் விழித்திருக்கும்போது பத்து இருபது நிமிடங்கள் மனத்தில் ஓட்டிப்பார்த்துப் பழக வேண்டும். காட்சியை மாற்றி ஒத்திகை பார்க்கும் முறை என்று இதைச் சொல்லலாம். பேரி கிராக்கோ என்ற மருத்துவரின் குழு, பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகி நெடுங்காலக் கெட்ட கனவுகளால் துன்பப்பட்ட 168 பெண்களிடம் நியூ மெக்சிகோவில் இதைச் சோதித்து, 2001இல் முடிவுகளை வெளியிட்டது. இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கனவுகள் குறைந்தன, உறக்கமும் மேம்பட்டது. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018இல் கெட்ட கனவுக்குப் பரிந்துரைத்த சிகிச்சைகளில் இது முதன்மையானது.

இப்போது நீங்கள் செய்வதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீங்களும் கனவை எழுதுகிறீர்கள், மாற்றுகிறீர்கள், திரும்பத்திரும்ப மனத்தில் ஓட்டுகிறீர்கள். ஆனால் திகில் கதைக்குத் தேவை என்பதால் ஒவ்வொரு முறையும் இன்னும் பயங்கரமாக மாற்றுகிறீர்கள், அதையும் படுக்கையில், உறக்கத்துக்குச் சற்று முன்னால் செய்கிறீர்கள். சிகிச்சையின் அதே படிகளை எதிர்த்திசையில் ஏறுவதுபோல இது இருக்கிறது. கணவர் சொன்னதில் உள்ள பாதி உண்மை இதுதான். அவர் எழுத்தை வெறுப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். இரவில் உங்கள் அலறலுக்குப் பக்கத்தில் படுத்திருப்பவர் அவர் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

ஆகவே இரண்டு நோட்டுப் புத்தகங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கதைக்கு. அதில் எதையும் எவ்வளவு பயங்கரமாக வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் வெளிச்சம் இருக்கும் நேரத்தில், படுக்கையறைக்கு வெளியே, எழுந்து போய் மூடிவைக்கக்கூடிய இடத்தில். மற்றொன்று உங்களுக்கு மட்டும். அதில் கனவை மாற்றும் பயிற்சி. பயிற்சியைக் கிணற்றுக் கனவில் தொடங்காதீர்கள். நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பூட்டிய பேருந்துக் கனவைப் போன்ற, அச்சம் குறைந்த ஒன்றில் தொடங்குங்கள். மாற்றம் அர்த்தமுள்ளதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கதவு திறந்துகொள்ளலாம், பேருந்து கடற்கரையில் போய் நிற்கலாம். கிணற்றை எப்போது தொடுவது என்பதை, இந்த முறையில் பழகிய மனநல மருத்துவர் அல்லது உளவியலாளரின் துணையோடு முடிவு செய்யுங்கள். கண்ணெதிரே நிகழ்ந்த மரணத்தின் கனவைத் தனியாக உட்கார்ந்து கிளறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கப்பிச் சத்தம் கேட்டால் உடம்பு உதறுவது, கிணறு இருக்கும் வீடுகளுக்குப் போகாமல் தவிர்ப்பது என்று நீங்கள் எழுதியிருப்பவற்றை வைத்துப் பார்த்தால், அந்த நாளின் அதிர்ச்சி இன்னும் ஆறாமல் இருக்கலாம். அப்படியானால் கனவுக்கு மட்டுமல்லாமல் அதிர்ச்சிக்கும் சேர்த்துச் சிகிச்சை தேவைப்படும். கடையில் தூக்க மாத்திரை வாங்கிச் சாப்பிடுவது வேண்டாம். அவற்றில் சில வகைகளைப் பழகிவிட்டுத் திடீரென்று நிறுத்தும்போது கனவுகள் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும்.

அம்மாவும் ஒப்பந்தமும்

தொகுப்பு வெளிவர வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் பதிப்பகம் கேட்கும் அட்டை வாசகத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியது புனைகதை. அதை உண்மைச் சம்பவம் என்று விற்றால், படிப்பவர்கள் கதையை விட்டுவிட்டு உங்கள் குடும்பத்தைப் படிக்கத் தொடங்குவார்கள். பேட்டிக்கு வருகிறவர்கள் எல்லோரும் கிணற்றைப் பற்றித்தான் கேட்பார்கள், ஒவ்வொரு முறையும் நீங்கள் அந்தக் கிணற்றடிக்குப் போய்வர வேண்டியிருக்கும். ஒருமுறை அச்சேறியதைத் திரும்பப் பெறவும் முடியாது.

ஆங்கில எழுத்தாளர் மேரி ஷெல்லியின் வரலாற்றை இங்கே நினைத்துக்கொள்கிறேன். 1815இல் குறைமாதத்தில் பிறந்த அவருடைய முதல் குழந்தை சில நாள்களில் இறந்துபோனது. குழந்தை இறந்த இரண்டு வாரங்களுக்குள் நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதி வைத்தார்: குழந்தை மீண்டும் உயிர்பெற்றது, அது குளிர்ந்து மட்டும்தான் போயிருந்தது, நெருப்பருகே வைத்துத் தேய்த்ததும் பிழைத்துக்கொண்டது, விழித்தால் குழந்தை இல்லை. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது அவருக்குத் தோன்றிய விழிப்புக் கனவிலிருந்து எழுதிய ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் 1818இல் வெளிவந்தது. இறந்த உடலுக்கு உயிர் கொடுப்பது அதன் மையம், ஆனால் நெருப்பருகே கிடந்த குழந்தை அதில் இல்லை. முதல் பதிப்பில் ஆசிரியர் பெயரும் இல்லை. அந்தக் கதை எப்படித் தோன்றியது என்று 1831 பதிப்பின் முன்னுரையில்தான் சொன்னார், அப்போதும் குழந்தைக் கனவைச் சொல்லவில்லை. துக்கத்திலிருந்து எழுதலாம், துக்கத்தின் முகவரியைத் தர வேண்டியதில்லை. கிணறு குளமாகலாம், அக்கா பக்கத்து வீட்டுக்காரியாகலாம். எண்ணெய் விட்ட பூட்டு மட்டும் இருந்தால் போதும்.

அம்மாவிடம் கதையை நீட்டிப் படிக்கச் சொல்லாதீர்கள். முதலில் நேரில் போய், கதை எழுதுகிறேன், புத்தகம் வரப்போகிறது, அதில் ஒரு கதை நம் கிணற்றை நினைத்து எழுதியது என்று வாயால் சொல்லுங்கள். அவர் அழலாம், கோபப்படலாம், ஒன்றும் பேசாமல் எழுந்து போகலாம். வேண்டாம் என்று சொன்னால் அந்த ஒரு கதையை இந்தத் தொகுப்பிலிருந்து எடுத்துவையுங்கள், பதினொன்று இருக்கின்றன. இந்த விஷயத்தில் உங்கள் எழுத்துரிமையைவிட அவருடைய துக்கத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து. சட்டம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை.

சட்டத்தைப் பொறுத்தவரை அடிப்படையான சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கையெழுத்துப் போடும் முன் ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிவிடுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்று பதிப்பகம் சொன்னது சரியல்ல. கனவுக்கோ கருவுக்கோ உரிமை கிடையாது, நீங்கள் எழுதிய எழுத்துக்குத்தான் உண்டு. உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் இந்தப் பாதுகாப்பை நீங்களே கைவிடுகிறீர்கள். தமிழ் அச்சு நூலுக்கு மட்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு என்று கேளுங்கள். திகில் கதைக்குத் திரைப்படம், இணையத் தொடர், ஒலிநூல் என்று பல வாசல்கள் உண்டு; அவற்றை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அட்டை வாசகம், விளம்பரம், புகைப்படம் ஆகியவை உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதத்தோடு மட்டுமே என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஜெனீவாவில் அதே 1816 கோடையில் மேரி ஷெல்லியோடு உடனிருந்த மருத்துவர் ஜான் பாலிடோரி எழுதிய இரத்தக்காட்டேரிக் கதை, 1819இல் கவிஞர் பைரனின் பெயரில் இதழொன்றில் வெளியானது; தன் கதை தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவர் பட்ட பாட்டை நீங்கள் படக் கூடாது. உரிமையை மாற்றிக் கொடுத்த பிறகும், படைத்தவர் நான்தான் என்று கோரும் உரிமையை நம் சட்டத்தின் 57ஆம் பிரிவு உங்களிடமே விட்டுவைக்கிறது.

சிகிச்சை எடுப்பது வெளியே தெரிந்துவிடுமோ என்றும் கேட்டிருந்தீர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. அதை விளம்பரத்துக்கான செய்தியாக்கும்படி பதிப்பகம் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், இரண்டு வாரங்களுக்குப் படுத்த நேரம், விழித்த நேரம், கனவு வந்ததா இல்லையா என்று மட்டும் குறித்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள். கனவின் உள்ளடக்கத்தை அந்தத் தாளில் எழுத வேண்டாம். கனவுக்குப் பிந்தைய மணி நேரங்களில் வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எப்போதாவது வந்தால், நாள் குறித்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரவு எந்நேரமும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். ‘அம்மா, யாரைக் கூப்பிடுற?’ என்று மகள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் திரும்பிப் படுத்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ‘அம்மாவுக்குக் கெட்ட கனவு வந்துச்சு, இப்ப சரியாயிடுச்சு’ என்று சொல்லி அணைத்துக்கொண்டால் போதும். ஆறு வயதுக்கு அது புரியும்.

இன்றிரவும் எழுதலாமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. இன்றிரவு வேண்டாம். மூன்று மணி அலாரத்தை அணைத்துவிட்டு, பத்தரைக்குள், ஒருக்களித்துப் படுத்துத் தூங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வேலையைக் கணவரிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கி, கூடத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.